பார்சல் வாங்கி வந்தால் இப்போது யார் எழுந்து வருகிறார்கள்?

முக்கூடல் மகன்:

நேற்று ராத்திரி வேலை முடிந்து வரும் வழியில் எட்டுப் பரோட்டா, ஒரு சிக்கன் சால்னா, ஒரு ஆம்லெட் வாங்கி வந்தேன். கதவைத் திறந்ததும் "பார்சல் வந்தாச்சு" என்று சொன்னேன். மகள் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மகன் மட்டும் "இன்னைக்குமாப்பா?" என்று கேட்டான். கோபமாகக்கூட இல்லை, சும்மா கேட்டான். எனக்கு அது ராத்திரி முழுக்க மனதில் கிடந்தது.

நான் திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் பக்கம் பிறந்தவன். அம்மா பீடி சுற்றினாள். மடியில் சுளகை வைத்துக்கொண்டு காலையில் உட்கார்ந்தால் இருட்டும் வரைக்கும் விரல் நிற்காது. சனிக்கிழமை கூலி கைக்கு வரும். எல்லாச் சனிக்கிழமையும் இல்லை, கடன் கொடுக்க வேண்டியது போக ஏதாவது மிஞ்சிய சனிக்கிழமை மட்டும் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு பரோட்டா வாங்கப் போவார். நாங்கள் மூன்று பேரும் தெருமுனையில் நிற்போம். சைக்கிள் ஹேண்டில்பாரில் மஞ்சப்பை ஆடுகிறதா என்று பார்ப்போம். ஆடினால் ஓட்டம்தான்.

ஆறு பரோட்டா, ஐந்து பேர். அம்மா பொட்டலத்தைப் பிரிக்கிற விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. நூலை அறுக்க மாட்டாள். முடிச்சைத் தேடி அவிழ்த்து ஒரு ஈர்க்குச்சியில் சுற்றி வைப்பாள், பூக்கட்ட ஆகும் என்று. அப்புறம் பேப்பர், அதற்குள்ளே வாழை இலை. சூட்டில் வாடிய இலையும் எண்ணெயும் சேர்ந்து ஒரு வாசம் வரும். ஆளுக்கு ஒன்று வைத்து, ஆறாவதை மூன்றாகப் பிய்த்து எங்கள் மூன்று பேருக்கும் போடுவாள். சால்னா கொஞ்சம்தான் இருக்கும். கடைசியில் இலையில் ஒட்டியிருக்கிற சால்னாவை வழித்துத் தின்ன எங்களுக்குள் முறை உண்டு. இந்த வாரம் நான் என்றால் அடுத்த வாரம் தங்கச்சி.

இப்போது பாளையங்கோட்டையில் இருக்கிறேன். போன மாதம் போனில் பணம் கொடுத்த கணக்கை எடுத்துப் பார்த்தேன். 30 நாளில் 13 நாள் ராத்திரிச் சாப்பாடு வெளியிலிருந்து வந்திருக்கிறது. அன்றைக்குக் கிடைக்காதது இன்றைக்குக் கிடைக்கிறது, சந்தோஷம்தான். ஆனால் என் பிள்ளைகளுக்கு நான் எதையோ கொடுக்காமல் விட்டுவிட்டேன் என்று தோன்றுகிறது. உங்கள் வீடுகளில் எப்படி? வாரத்துக்கு எத்தனை தடவை வாங்குகிறீர்கள்? பார்சல் இன்னும் விசேஷமாக இருக்கிறதா?

டவுன் பையன்:

எங்கள் வீட்டில் வாரம் இரண்டு தடவை. புதன் ராத்திரி, ஞாயிறு ராத்திரி. விசேஷம் என்றெல்லாம் இல்லை, தோசை மாவு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் எழுத ஆரம்பித்ததும் ஒன்று யோசனைக்கு வந்தது. எங்கள் வீட்டிலிருந்து நெல்லையப்பர் கோவில் ஐந்து நிமிட நடை. சாயங்காலம் ஆனால் கீழரத வீதியில் இருட்டுக்கடை வாசலில் நிற்கிற கூட்டத்தைத் தினமும் பார்க்கிறேன். எங்களுக்கென்று அல்வா வாங்கிச் சாப்பிட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் சென்னையிலிருந்து அத்தை வந்து ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்கு நான்தான் போய் வரிசையில் நிற்பேன். அந்தப் பொட்டலத்தைக் கையில் வாங்கும்போது ஒரு பெருமை வருகிறது. ஆக, இன்னொருவருக்குக் கொடுக்க வாங்குகிற பார்சல் இன்றைக்கும் விசேஷம்தான், நமக்கே வாங்குவதுதான் சாதாரணமாகிவிட்டது.

அடுப்படி:

முக்கூடல் தம்பி, உங்கள் பதிவைப் படித்துக் கண் கலங்கியது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் அம்மாவும் பீடி சுற்றினவள்தான்.

இருந்தாலும் ஒன்று கேட்க வேண்டும். அந்த 13 நாளும் உங்கள் வீட்டுக்காரி ராத்திரி எட்டு மணிக்கு என்ன செய்துகொண்டிருந்தாள்? உங்கள் பதிவில் மகள் இருக்கிறாள், மகன் இருக்கிறான், அவளைக் காணோமே.

நான் வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளிக் கடையில் பில் போடுகிறேன். காலை ஒன்பதரைக்குப் போனால் வீடு திரும்ப எட்டே முக்கால் ஆகும். பத்து மணி நேரம் நின்ற கால். வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். நாலு பேருக்குத் தோசை சுட்டு, சட்னி அரைத்து, கடைசித் தோசை எனக்கென்று கல்லில் ஊற்றும்போது மணி பத்து. மற்றவர்கள் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பார்கள். நான் நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் விளக்குவேன்.

பார்சல் வருகிற அன்றைக்கு மட்டும் நான் ஒன்பது மணிக்கு எல்லோரோடும் தரையில் உட்காருகிறேன். என் தட்டிலும் சூடாக இருக்கிறது. யாராவது தண்ணீர் கேட்டால், "நீயே எடுத்துக்கோ" என்று சொல்ல எனக்கு வாய் வருகிறது, ஏனென்றால் நானும் அவர்களைப் போலச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு நாள் இது நடக்கிறது. அந்த இரண்டு நாளும் எனக்கு விசேஷம்தான். பிள்ளைகள் தெருமுனைக்கு ஓடி வரவில்லை என்பது உண்மை. ஆனால் பொட்டலத்தின் அருமை வீட்டில் வேறொரு ஆளுக்கு இடம் மாறியிருக்கிறது, அதை யாரும் கவனிக்கவில்லை.

முக்கூடல் மகன்:

அக்கா, நீங்கள் சொன்னது சுருக்கென்று தைத்தது. அவள் என்ன செய்தாள் என்று எனக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. இன்றைக்குக் கேட்கிறேன்.

கல்லிடை:

நான் ஓய்வு பெற்றவன், சர்க்கரையும் உண்டு, அதனால் எனக்கு மாதம் ஒரு தடவைதான், அதுவும் இட்லி. கணக்கு பார்க்கிற பழக்கம் போகவில்லை, ஆகவே ஒரு தகவல். மத்திய அரசு எடுத்த 2022-23 வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில், நகரத்துக் குடும்பங்களின் மாதச் செலவில் 10.64 சதவீதம் பானம், சிற்றுண்டி, பதப்படுத்திய உணவு என்ற இனத்துக்குப் போயிருக்கிறது. கிராமத்தில் 9.62. அரிசி, கோதுமை முதலான தானியங்களுக்கு ஆன செலவு இரண்டு இடத்திலும் இதைவிடக் குறைவு. இந்த இனத்தில் டீயும் பிஸ்கட்டும்கூட அடக்கம், எல்லாமே பார்சல் இல்லை. ஆனாலும் வீட்டில் பொங்குகிற அரிசியைவிட வெளியில் வாங்குவதற்கு அதிகம் செலவாகிறது என்றால், முக்கூடல்காரர் வீட்டில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை இது. கிராமத்துக்கும் நகரத்துக்கும் ஒரு சதவீதம்தான் வித்தியாசம் என்பதையும் பாருங்கள்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது ஓட்டலில் வாங்கிச் சாப்பிட்டால் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று தெருவே விசாரிக்கும்.

ரொட்டிக்கல்:

நான் கடைக்காரன். தென்காசி ரோட்டில் 19 வருடமாகப் பரோட்டாக் கடை வைத்திருக்கிறேன். இந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு ஆள் பேச வேண்டும் அல்லவா.

கடை போட்ட புதிதில் சனி, ஞாயிறு, சம்பள வாரம், இந்த நாள்களில்தான் பார்சல் கூட்டம். மற்ற நாளில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஆட்கள்தான், டிரைவர், லோடுமேன், கட்டட வேலைக்காரர்கள். இப்போது திங்கள்கிழமையும் பார்சல்தான். பாதிக்கு மேல் மாவு பொட்டலமாகத்தான் வெளியே போகிறது. ஆனாலும் வருடத்தில் ஒரு பருவத்தில் மட்டும் பழைய முகங்களைப் பார்க்கிறேன். புரட்டாசி மாதம் கடை படுத்துவிடும். அப்புறம் சஷ்டி விரதம், திருச்செந்தூருக்கு மாலை போட்டவர்கள். கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கு மாலை. தை முதல் வாரம் போய்விட்டு வந்து மாலையைக் கழற்றிய மறுநாள் வருவார்கள் பாருங்கள், கல் முன்னால் வந்து நின்று புகையை மூக்கால் இழுத்துக்கொண்டு, "அண்ணாச்சி, பத்துக் கட்டுங்க, ஈரல் இருக்கா?" என்று கேட்பார்கள். அந்த முகத்தில் நீங்கள் சொல்கிற சனிக்கிழமை இருக்கிறது. ஒன்றரை, இரண்டு மாதம் தொடாமல் இருந்த நாக்கு. அதனால் பண்டத்தில் குறை இல்லை, இடைவெளி இல்லாமல் போனதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

கட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், பாதி ருசி அதில்தான் இருக்கிறது. பரோட்டாவைக் கல்லிலிருந்து எடுத்து நாலைந்தை அடுக்கி இரண்டு கையாலும் தட்டினால்தான் அடுக்கு விடும். பார்சலுக்குக் கொஞ்சம் மெதுவாகத் தட்ட வேண்டும், இல்லையென்றால் வீடு போவதற்குள் தூளாகிவிடும். தட்டியதும் மூடவும் கூடாது, ஒரு நிமிடம் ஆவி போக விட வேண்டும். இலையை அனலில் ஒரு வாட்டு வாட்டினால் மடிக்கும்போது கிழியாது. என்னிடம் பொட்டலம் கட்டுகிற அண்ணாச்சிக்கு வயது அறுபதுக்கு மேல். தலைக்கு மேலே டப்பாவில் நூல்கண்டு தொங்கும், பார்க்காமலே இழுப்பார். குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, சுண்டுவிரலில் ஒரு சுற்று, ஒரு வெட்டு. முடிச்சுப் போட்ட மாதிரியே தெரியாது. சால்னாவுக்கு முன்னாலெல்லாம் கவரை ஒரு ஊது ஊதி, கரண்டியால் ஊற்றி, வாயைத் திருகி நூலால் இறுக்குவார், ஒரு சொட்டு வெளியே வராது.

2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் தடை வந்தது. கவர், சாப்பாடு கட்டுகிற பிளாஸ்டிக் தாள், தெர்மாகோல் தட்டு எல்லாம் போயிற்று. நியூஸ் பேப்பரில் கட்டவும் கூடாது, மை சாப்பாட்டில் ஒட்டும், அது சரியான சட்டம்தான். நான் இலையும் பழுப்புத் தாளும் வைத்துக் கட்டுகிறேன். முகூர்த்த நாள் வந்தால் இலை விலை ஏறும், இருந்தாலும் விடவில்லை. ஆப்பில் வருகிற ஆர்டருக்கு மட்டும் மூடி போட்ட டப்பாதான் சரிப்படுகிறது. டப்பாவுக்குள் ஆவி அடைத்துப் பரோட்டா வியர்த்துவிடும். ஒரு ஆப்பில் நூற்றுக்கு இருபதுக்கு மேல் எனக்குப் பிடித்தம் போகிறது, அதனால் அங்கே விலையைக் கூட்டித்தான் போட வேண்டியிருக்கிறது. வியர்த்த பரோட்டாவைக் கூடுதல் விலைக்குச் சாப்பிடுகிறவருக்கு அது எப்படி விசேஷமாக இருக்கும் சொல்லுங்கள். எனக்கே அதை அனுப்பும்போது மனசு ஒப்பவில்லை.

டவுன் பையன்:

அண்ணாச்சி, அந்த ஆவி விஷயம் இத்தனை நாள் தெரியாது. நான் மாஸ்டர் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டிஎன் 72:

ஆப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். நான் டெலிவரி பையன். பாளை, ஹைகிரவுண்ட், தியாகராஜ நகர், பெருமாள்புரம் இந்தச் சுற்று. ஒரு நாளைக்கு இருபது இருபத்திரண்டு ஆர்டர்.

பெரும்பாலும் கதவு பாதிதான் திறக்கும். கை வெளியே வரும், பையை வாங்கும், கதவு மூடும். சில வீட்டில் வாசலில் வைத்துவிட்டுப் போ என்று எழுதிவிடுவார்கள். சாப்பாடு வந்த சந்தோஷத்தை நான் அதிகம் பார்ப்பதில்லை.

ஒரே ஒரு வீடு வேறு. ஒரு ஆச்சி தனியாக இருக்கிறார்கள். மகன் வெளிநாட்டில். செவ்வாயும் வெள்ளியும் அவர் அங்கே இருந்துகொண்டே இங்கே ஆச்சிக்கு ஆர்டர் போடுவார். இடியாப்பம், இல்லையென்றால் நாலு இட்லி. நான் வண்டியைத் திருப்பும்போதே ஆச்சி வாசல் கிரில்லைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். முன்னாடியே தட்டு எடுத்துக் கழுவித் துடைத்து மேசையில் வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பொட்டலத்தை வாங்கி இரண்டு கையாலும் தொட்டுப் பார்த்து "சூடாத்தான் அனுப்பியிருக்கான்" என்பார்கள். கடையும் நானும் கணக்கில் இல்லை, அவர் மகன் கையால் அனுப்பியது அது. அப்புறம் என்னிடம் போனைக் கொடுத்து மகனுக்கு வீடியோ போடச் சொல்வார்கள். பொட்டலத்தைத் தூக்கிக் காட்டுவார்கள். "ஏல, நீ சாப்பிட்டியா?" என்று அவரைக் கேட்டுவிட்டு, அதே மூச்சில் என்னையும் கேட்பார்கள். ஒரு டம்ளர் மோர் கட்டாயம். அடுத்த ஆர்டருக்கு நேரம் ஓடிக்கொண்டிருக்கும், இருந்தாலும் அந்த மோரைக் குடிக்காமல் நான் கிளம்பினது இல்லை.

என் வீட்டில் பார்சல் எத்தனை தடவை என்று கேட்டால், இல்லை. ராத்திரி பதினொன்றரைக்குப் போனால் வீட்டில் சோறும் ரசமும் மூடி வைத்திருப்பார்கள். நாள் முழுக்க முதுகுப் பையிலிருந்து பிரியாணி வாசம் வருகிறவனுக்கு அந்த ரசம் போதும்.

அடுப்படி:

தம்பி, அந்த ஆச்சியை அடுத்த தடவை பார்க்கும்போது நாங்கள் எல்லாம் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மேலப்பாளையம் மருமகள்:

விலை கொடுத்து வாங்குகிற பார்சலைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறீர்கள். வருடத்தில் முப்பது நாள் எங்கள் ஊரில் காசில்லாத பார்சல் ஒன்று உண்டு, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரமலான் மாதம் அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி கொடுப்பார்கள். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, தேங்காய்ப்பால், சில நாள் கறியும். பெரிய அண்டாவில் மத்தியானத்திலிருந்தே கொதிக்கும். பிள்ளைகள் ஆளுக்கொரு தூக்குவாளியோடு வரிசையில் நிற்பார்கள். எங்கள் பக்கத்து வீட்டு இந்துப் பிள்ளைகளும் அந்த வரிசையில் நிற்பார்கள், அவர்கள் வாளி எது என்று கஞ்சி ஊற்றுகிறவருக்கே தெரியும். கொதிக்கிற கஞ்சியை எடுத்துக்கொண்டு தளும்பாமல் நடந்து வர வேண்டும். என் மகனுக்கு ஒன்பது வயது, வாளி வளையம் சுடும் என்று கைக்குட்டை சுற்றிப் பிடித்துக்கொண்டு தெரு ஓரமாக நடந்து வருகிறதைப் பார்க்க வேண்டுமே.

அதே கஞ்சியை நான் வீட்டில் வைத்தால் அவனுக்குப் பிடிப்பதில்லை. தினமும் கிடைக்கிற கஞ்சிதான், முப்பது நாளும் ஒரே ருசிதான், ஆனாலும் அவனுக்கு அலுத்ததில்லை. அதனால் ரொட்டிக்கல் அண்ணாச்சி சொல்கிற இடைவெளிக் கணக்கு முழுவதும் சரியாக வரவில்லை என்று நினைக்கிறேன். அவனே போய், நின்று, சுமந்து வந்தது அது. முக்கூடல் அண்ணனும் தெருமுனையில் போய் நின்றாரே, அதையும் யோசித்துப் பாருங்கள்.

ரொட்டிக்கல்:

நீங்கள் சொல்வது சரிதான்மா. இடைவெளி மட்டும் காரணம் இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

வள்ளியூர் டூ வேளச்சேரி:

நான் சென்னையில் தனியாக இருக்கிறேன். சமையல் அறை இல்லாத அறை. ஆகவே எனக்கு ஒரு நாளைக்கு இரண்டு வேளையும் பார்சல்தான். வாரத்துக்கு எத்தனை தடவை என்று கேட்டால் பதினாலு. குப்பைத் தொட்டி ராத்திரியானால் கறுப்பு டப்பாவாலேயே நிரம்பிவிடும். எனக்கு விசேஷம் என்றால் வீட்டுச் சாப்பாடு. குறிப்பாகச் சொன்னால் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். சென்னையில் நெல்லைச் சாப்பாடு என்று போர்டு போட்ட இடத்திலெல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது அம்மா ஒரு பார்சல் கட்டுவாள். எட்டு இட்லி, மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் இரண்டு பக்கமும் தடவி, இலையில் வைத்து, அதன் மேல் பழைய வேட்டித் துணி. வள்ளியூரில் சாயங்காலம் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் ஏறுகிறேன். நாங்குநேரி தாண்டும்போதே பசிக்கும், பிரிக்க மாட்டேன். திருநெல்வேலியில் கூட்டம் ஏறும். கோவில்பட்டி தாண்டி வண்டி இருட்டில் ஓட ஆரம்பித்த பிறகுதான் பிரிப்பேன். ஏன் அவ்வளவு நேரம் வைத்திருக்கிறேன் என்றால், அதைத் தின்றுவிட்டால் ஊர் முடிந்துவிட்டது. ஆறு இட்லி ரயிலில். இரண்டை வைத்திருந்து மறுநாள் காலையில் அறையில் சாப்பிடுவேன். அப்போது இட்லி கொஞ்சம் இறுகி, பொடி உள்ளே இறங்கி ஊறியிருக்கும்.

அம்மாவிடம் ஒரு தடவை, "எதுக்கும்மா இவ்ளோ சிரமம், ரயில்லயே வாங்கிக்கிறேன்" என்று சொன்னேன். அவள் பதில் சொல்லவில்லை. அடுத்த தடவை பத்து இட்லி வைத்திருந்தாள்.

கொக்கிரகுளம்:

நான் இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் ஆற்றுத் தண்ணீர் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் நெஞ்சளவு நின்றது. மாடியில் பதினொரு பேர், எங்கள் வீடு, பக்கத்து வீடு சேர்த்து. கேஸ் சிலிண்டர் கீழே மிதந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் யாரோ நாலு பையன்கள் இடுப்பளவுத் தண்ணீரில் வந்து, வாளியைக் கயிற்றில் கட்டி இறக்குங்கள் என்று சத்தம் போட்டார்கள். வாளியில் பதினைந்து பொட்டலம் வந்தது. எலுமிச்சைச் சோறு, ஊறுகாய். சோறு ஆறிப் போயிருந்தது. யார் சமைத்தது, எந்த ஊர்ப் பையன்கள் என்று இன்றுவரை தெரியாது. என் மாமியார் ஒரு பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பிரிக்காமலே இருந்தார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பார்சல் சோற்றை யாரும் மிச்சம் வைப்பதில்லை.

கல்லிடை:

அந்த இரண்டு நாளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. இங்கே அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கமும் ஆறு கரை தெரியாமல் போயிற்று. எங்கள் தெருவிலும் பொட்டலம் கட்டினோம். தயிர்ச்சோறு வைத்தால் கெட்டுவிடும் என்று புளியோதரையாகப் போட்டோம். ஐந்து டிகிரிக்கும் அறுபது டிகிரிக்கும் நடுவில் சோறு மணிக்கணக்கில் கிடந்தால் கிருமி பெருகும். புளியும் எலுமிச்சையும் கொஞ்சம் காப்பாற்றும். முன்னோர்கள் கட்டுச்சோற்றுக்குப் புளியைப் பிடித்துக்கொண்டது அதனால்தான். வீட்டுக்கு வருகிற பார்சலுக்கும் இதைச் சொல்லிக்கொள்கிறேன், வாங்கிவந்த சால்னாவை ராத்திரி முழுக்க மேசையில் வைத்து மறுநாள் தோசைக்கு ஊற்றாதீர்கள்.

டவுன் பையன்:

ஐயா, பழைய சால்னாவும் கல்தோசையும் என்றால் அது தனி ருசி. ஆனால் நீங்கள் சொன்னதற்காக இனி ஃபிரிட்ஜில் வைத்து, கொதிக்கவிட்டுத்தான் ஊற்றுவேன்.

முக்கூடல் மகன்:

நாலு நாள் கழித்து வருகிறேன். எல்லோருடைய பதிவையும் வீட்டில் சத்தமாக வாசித்தேன். பிள்ளைகளும் கேட்டார்கள். ஆச்சி கதைக்கு மகள் போனைக் கீழே வைத்தாள்.

அடுப்படி அக்கா கேட்டதை வீட்டுக்காரியிடம் கேட்டேன். "அந்த 13 நாளும் நீ என்ன பண்ணினே?" முதலில் சொல்லவில்லை. கறிவேப்பிலையை உருவிக்கொண்டே இருந்தாள். அப்புறம், "பாத்திரம் கம்மி. சீக்கிரம் படுத்தேன்" என்றாள். அது நான் எதிர்பார்த்ததுதான். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே, "எனக்குப் பரோட்டா ஆகாது. நெஞ்சு கரிக்கும்" என்றாள். கல்யாணமாகி 14 வருடம். பார்சல் என்றால் பரோட்டா என்று நான்தான் முடிவு செய்துகொண்டு வாங்கி வந்திருக்கிறேன். அவள் பாதியைத் தின்றுவிட்டு மீதியை மகன் தட்டில் போடுவாள், பிள்ளை மேல் பாசம் என்று நான் நினைத்தேன். "ஏன் சொல்லலை?" என்று கேட்டேன். "நீங்க ஆசையா வாங்கிட்டு வருவீக" என்றாள்.

அவளுக்குப் பிடித்தது இடியாப்பமும் தேங்காய்ப்பாலும். அவள் ஊரில், ஏர்வாடி பக்கம், ஒரு பாட்டி கூடையில் கொண்டுவருவார்களாம், ஓலைத்தட்டில் ஆவியோடு. அவள் அப்பா எப்போதாவது வாங்கித் தருவாராம். எங்கள் தெருவிலிருந்து ஒரு கிலோமீட்டரில் ராத்திரி இடியாப்பம் அவிக்கிற அக்கா ஒருவர் இருக்கிறார், தினமும் அந்தத் தள்ளுவண்டியைத் தாண்டித்தான் பரோட்டாக் கடைக்குப் போயிருக்கிறேன்.

முந்தாநாள் போனேன், தீர்ந்துவிட்டது. நேற்று ஏழு மணிக்கே போனேன். மேலப்பாளையம் தங்கச்சி எழுதியதை மனதில் வைத்து மகனையும் கூட்டிக்கொண்டு, தேங்காய்ப்பாலுக்கு வீட்டிலிருந்து தூக்குவாளியும் எடுத்துப் போனோம். தட்டு ஒவ்வொன்றாக வெந்து இறங்க இருபது நிமிடம் ஆயிற்று. மகன் வண்டியில் வாளியைத் தொடைகளுக்கு நடுவில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மேடு பள்ளம் வந்தால் "மெதுவாப்பா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தான். கேட் சத்தத்துக்கு அவள் எழுந்து வந்தாள். மகளுக்கு இடியாப்பம் பிடிக்கவில்லை, தயிர்ச்சோறு சாப்பிட்டாள். சரி, அவளுக்கு வேறொன்று பிடிக்கும்.

13 நாளை 6 ஆக்கலாம் என்று பேசியிருக்கிறோம், யாருக்கு என்ன வேண்டும் என்று முறை வைத்து. மற்ற ராத்திரிகளில் தோசை நான் சுடுகிறேன். இரண்டு நாளாகச் சுடுகிறேன், ஓரம்தான் இன்னும் முறுகவில்லை.

ரொட்டிக்கல் அண்ணாச்சி, ஒரு சந்தேகம். மகனுடைய முறை வரும்போது பரோட்டாதான் கேட்பான். சால்னாவுக்குத் தூக்குவாளி கொண்டுவந்தால் உங்களைப் போன்ற கடைகளில் ஊற்றித் தருவார்களா, கூட்ட நேரத்தில் எரிச்சல் படுவார்களா?

ரொட்டிக்கல்:

தாராளமாகக் கொண்டுவாருங்கள், எங்களுக்கு டப்பாக் காசு மிச்சம். ஏழரைக்கு முன்னால் வந்தால் நல்லது, அப்புறம் கல்லைச் சுற்றி ஆள் நிற்கும். எவர்சில்வர் வாளி போதும், ஆனால் முக்கால் வாளிக்கு மேல் ஊற்றச் சொல்லாதீர்கள், சூட்டில் மூடி கிளம்பிவிடும். மூடிக்கும் வாளிக்கும் நடுவில் ஒரு துண்டு வாட்டிய இலை வைத்து அழுத்துங்கள், சொட்டாது. இலையை எங்கள் அண்ணாச்சியிடம் கேளுங்கள், தருவார்.

முக்கூடல் மகன்:

நூலும் கொஞ்சம் கேட்பேன் அண்ணாச்சி. அம்மா இந்த வாரம் எங்களோடு வந்து இருக்கிறாள்.